கைபேசிக்குக் காது உண்டா?

எக்கியார்குப்பம் கரையில் நான்கு பேர் நின்று படகு எஞ்சின் பழுதானதைப் பேசுகிறோம். வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தால் எஞ்சின் விளம்பரம்! ஒட்டுக் கேட்கிறதோ என்று நமக்குப் பயம் வருகிறது.

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2018இல் 17,000க்கும் மேற்பட்ட செயலிகளைச் சோதித்தார்கள். பேச்சை இரகசியமாகப் பதிந்து அனுப்பியதாக ஒன்றுகூட அகப்படவில்லை. சில செயலிகள் திரையைப் படம்பிடித்து அனுப்பியது தெரியவந்தது. நாம் எங்கே நிற்கிறோம், எதைத் தேடினோம் என்பதே விளம்பரக்காரருக்குப் போதும். அந்த நால்வரில் யாரோ எஞ்சின் விலையைத் தேடியிருப்பார்கள்.

நமக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மழையில் உப்பளம் மூழ்கி வேலை நிற்கும்போதும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையிலும் கை வறண்டிருக்கும். அப்போது 'ஐந்து நிமிடத்தில் கடன்' என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் விரல் சும்மா இருக்குமா? உறவினர் எண்கள், வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள நாமே 'சம்மதம்' தட்டிவிடுகிறோம். தவணை தவறியவர்களின் உறவினருக்கெல்லாம் அவதூறு அனுப்பி மிரட்டிய கும்பலைச் சென்னைக் காவல்துறை 2021இல் கைது செய்தது. அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

139ஆம் திருப்பாடலைச் செபிக்கிறோம். கடவுள் நம்மை முற்றும் அறிகிறார், ஆனால் அறிந்ததை விற்பதில்லை. அந்தரங்கம் அழிந்துவருவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார்.

இந்த வார அன்பியக் கூட்டத்தில், இளையோர் பெரியவர்களின் கைபேசியை வாங்கி, எந்தச் செயலிக்கு மைக், எண்கள், படங்களைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று பார்த்து மூடிக்கொடுங்கள். கடன் செயலியில் ஏற்கெனவே சிக்கியவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.