விடிவதற்கு முன் ஒரு கையெழுத்து

2019 நவம்பர் 23, சனிக்கிழமை. புனேவாசிகள் காலைப் பத்திரிகையைப் பிரிப்பதற்குள் தலைப்புச் செய்தி பழசாகிவிட்டது. உத்தவ் தாக்கரேதான் முதல்வர் என்றது பத்திரிகை. ஆனால் 8 மணியளவில் மும்பை ராஜ்பவனில் பதவியேற்றவர் பா.ஜ.க.வின் தேவேந்திர பட்னவிஸ். பக்கத்தில் துணை முதல்வராக, புனே மாவட்டத்தின் பாராமதி எம்.எல்.ஏ. அஜித் பவார். தேசியவாத காங்கிரஸ் தலைவரான சித்தப்பா சரத் பவாருக்கே இது அதிர்ச்சி.

அதைவிட விசித்திரமானது அதிகாலை 5.47க்கு டெல்லியில் நடந்தது. மகாராஷ்டிரத்தில் 11 நாட்களாக இருந்த ஜனாதிபதி ஆட்சி அப்போதுதான் விலக்கிக்கொள்ளப்பட்டது. மத்திய மந்திரி சபை கூடவில்லை. அலுவல் விதிகளில் 12வது விதி, அவசரமென்றால் பிரதமரே முடிவெடுத்து, மந்திரிகளின் ஒப்புதலைப் பிறகு வாங்கிக்கொள்ள இடம் தருகிறது. நரேந்திர மோடி அதைப் பயன்படுத்தினார். ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் கையெழுத்திட்டார்.

பாராமதிக்கு ஜனாதிபதி ஆட்சி புதிதல்ல. 1978ல், 40 வயதுகூட ஆகாத சரத் பவார் முதல்வரானார். 1980 ஜனவரியில் இந்திரா காந்தி பிரதமராகத் திரும்பினார். அடுத்த மாதமே பவார் ஆட்சி கலைக்கப்பட்டது. (அதே வீச்சில் தமிழகத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சியும் போனது.) சித்தப்பாவின் நாற்காலியைப் பறித்தது ஜனாதிபதி ஆட்சி என்றால், அண்ணன் மகனுக்கு நாற்காலி கிடைக்க அது அவசரமாக விலக வேண்டியிருந்தது.

1975 ஜூன் 25 இரவு ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோதும் மந்திரிகளுக்கு விஷயம் மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பின்னர் 44வது சட்டத்திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது: தேசிய நெருக்கடி நிலைக்கு மந்திரி சபையின் முடிவு எழுத்தில் வந்தாக வேண்டும். மாநிலங்களில் ஜனாதிபதி ஆட்சிக்கு அந்தப் பூட்டு போடப்படவில்லை. அதிகாலைக் கோப்பு நுழைந்த வழி அதுதான்.

பிரான்சில் இப்படி ஒளிய இடமில்லை. நாடாளுமன்றத்தைக் கலைப்பது அங்கே ஜனாதிபதியின் சொந்த முடிவு. பிரதமர் கையெழுத்தும் தேவையில்லை. 2024 ஜூன் 9 இரவு இமானுவேல் மக்ரோன் தானே டெலிவிஷனில் தோன்றிக் கலைப்பை அறிவித்தார். தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பிரதமர் மிஷேல் பார்னியே மூன்றே மாதத்தில் கவிழ்ந்தார். 2025 செப்டம்பரில் பிரான்சுவா பைரூவும் போனார். பழி முழுக்க மக்ரோன் தலையில். இந்திய ஜனாதிபதியோ மந்திரி சபை ஆலோசனைப்படி நடப்பவர். பெயர் அவருடையது, முடிவு வேறொருவருடையது.

ஆனாலும் அவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் அல்ல. 1997ல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கும் பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் அரசு பின்வாங்கியது. கோவிந்தும் மந்திரி சபை கூடட்டும் என்று ஒரு நாள் காத்திருந்தால் குடிமுழுகிப் போயிருக்காது.

நவம்பர் 26 அன்று சுப்ரீம் கோர்ட், மறுநாளே சட்டசபையில் பலத்தை நிரூபிக்கச் சொன்னது. வாக்கெடுப்பு வரை போகவே இல்லை. அன்று பிற்பகலே அஜித் பவார் விலகினார், பின்னாலேயே பட்னவிஸும். 28ம் தேதி உத்தவ் பதவியேற்றார். டிசம்பர் 30ல் அவருக்கும் ஒரு துணை முதல்வர் கிடைத்தார்: அஜித் பவார்.