இ-வே பில்: நள்ளிரவு தாண்டினால் ஏன் இத்தனை அபராதம்?

மார்ச் 31 நெருங்கும் வேளையில், விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்காரர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. நிதியாண்டு முடிவதற்குள் சரக்கு போய்ச் சேராவிட்டால், லாரியோடு போக வேண்டிய மின்னணு ஆவணமான இ-வே பில் செல்லாமல் போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது. அந்தத் தேதி, லாரி நிறுவனங்கள் வாடகைக்கான ஜி.எஸ்.டி.யைத் தாங்களே கட்டுவதா என்று தேர்ந்தெடுப்பதற்கான கெடு. பில்லுக்கு இருக்கும் கெடு வேறு. அது ஆண்டுக்கு ஒருமுறை வருவதில்லை, எந்த நள்ளிரவிலும் வரலாம். இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை, கப், பொம்மை என்று செய்து வெளியூருக்கும் துறைமுகத்துக்கும் அனுப்புகிறவர்கள் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது கெடுவைப் பற்றித்தான்.

கணக்கு இப்படி ஓடுகிறது. முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அதற்கு மேல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும், அதில் ஒரு பகுதியே ஆனாலும், இன்னொரு நாள். 2020 முடியும்வரை நாளுக்கு 100 கிலோமீட்டர்தான் கணக்கு. 2021 ஜனவரி 1 முதல் அதே ஒரு நாளில் இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டியதாயிற்று. லாரி எண்ணைப் பதியும் ‘பார்ட் பி’ முதன்முதலாக நிரப்பப்படும் நேரத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முதல் நாள் என்பது 24 மணி நேரம் இல்லை; பதிந்த தேதிக்கு மறுநாள் முடியும் நள்ளிரவுவரை. 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஓர் ஊருக்குப் போகும் லாரிக்கு 10ஆம் தேதி இரவு 11.40க்குப் பார்ட் பி போட்டால், 11ஆம் தேதி முடியும்போது பில்லும் முடிந்துவிடும். இருபத்தைந்து நிமிடம் பொறுத்து 12.05க்குப் போட்டால் 12ஆம் தேதி முடியும்வரை செல்லும். ஒரே லோடு, ஒரே சாலை. ஆனால் ஒன்றுக்கு 24 மணி சொச்சம், மற்றொன்றுக்குக் கிட்டத்தட்ட 48 மணி. பகலில் கட்டி, இரவில் ஏற்றி அனுப்பும் ஊர்களுக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. பார்ட் பி போடாமல் லாரி கிளம்பக் கூடாது. எனவே இரவு லோடு என்றால் பன்னிரண்டு தாண்டிப் பதிந்து, அதன்பின் கிளம்புவதே புத்திசாலித்தனம், சட்டத்துக்கும் உட்பட்டது.

பார்சல் லாரியில் சிக்கல் இன்னும் கூடுகிறது. பட்டறையிலிருந்து அதே மாநிலத்தில் 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் பார்சல் ஆபீஸுக்குச் சரக்கு போக பார்ட் பி தேவையில்லை. அதை நிரப்புவது பார்சல்காரர். ஆக, கடிகாரத்தை முடுக்கும் கை பட்டறைக்காரருடையது இல்லை. பல பட்டறைகளின் பெட்டிகள் ஒரே வண்டியில் ஏறும்போது ஒருங்கிணைந்த இ-வே பில் ஒன்று போடுவார்கள். அதற்குத் தனியாகச் செல்லுபடிக் காலம் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பில்லுக்கும் அதனதன் நள்ளிரவு. ஒருவருடைய பில் காலாவதியாகி வண்டி நிறுத்தப்பட்டால், மற்ற எல்லோருடைய சரக்கும் அதோடு நிற்கிறது.

நிறுத்தினால் என்ன ஆகும்? ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129ஆம் பிரிவுப்படி, சரக்கின் உரிமையாளர் கட்ட முன்வந்தால் அபராதம் வரியைப் போல் இரு மடங்கு. இரண்டு லட்சம் ரூபாய் இன்சுலேட்டர் லோடுக்கு 18 சதவீத வரி 36,000, அபராதம் 72,000. அதே மதிப்புள்ள பீங்கான் கப் லோடுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்; அபராதம் 20,000. இரண்டு வண்டிகளும் ஒரே நெரிசலில் சிக்கி, ஒரே அளவு தாமதமாகியிருக்கலாம். வரியை முறையாகக் கணக்கில் காட்டியிருக்கலாம். அப்படியும் தண்டனை தவறின் அளவைப் பார்ப்பதில்லை, சரக்கின் வரி விகிதத்தைப் பார்க்கிறது. 2022க்கு முன்பு வரியும் அதற்குச் சமமான அபராதமும் என்று இருந்தது. இப்போது முழுத்தொகையும் அபராதம்.

சோதனைச் சாவடிகளை ஒழித்து லாரியை விடுவித்துவிட்டோம் என்பது அரசின் வாதம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, வணிக வரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. லாரிகள் வரிசையில் நின்ற காலம் போனது மெய். ஆனால் சாவடி இருந்த இடமாவது தெரியும். இப்போது வண்டியை மறித்துச் சோதிக்கும் பறக்கும் படை எங்கே நிற்கும் என்பது தெரியாது. காலக்கெடுவே இல்லாவிட்டால் ஒரே பில்லை வைத்து இரண்டு மூன்று லோடு ஓட்டுவார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த மோசடி நடக்கக்கூடியதே. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் கருவி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 முதல் இ-வே பில் தகவலோடு ஃபாஸ்டேக் தகவலும் இணைக்கப்பட்டுள்ளது. எந்த லாரி எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்பது அதிகாரியின் திரையில் தெரியும். ஒரே பில்லில் இரண்டாம் தடவை ஓடியவரைப் பிடிக்க உதவும் அதே பதிவு, ஒரே தடவை கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டவரை விடுவிக்கவும் உதவ வேண்டும். குற்றம் காட்ட மட்டும் அந்தப் பதிவை எடுப்பது நேர்மையாகாது.

நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறதே என்பது அடுத்த பதில். இருக்கிறது: காலாவதிக்கு முன் எட்டு மணி நேரமும் பின் எட்டு மணி நேரமும். அதாவது மாலை 4 மணி முதல் மறுநாள் காலை 8 மணிவரை. வண்டி ஓட்டுபவர் சாலையில், கணினி பார்ப்பவர் உறக்கத்தில் இருக்கும் நேரம்தான் அதில் பாதி. நீதிமன்றம் இருக்கிறதே என்றால், அதுவும் உண்மை. ஹைதராபாத்தில் போராட்டத்தால் சாலை அடைபட்டு, பில் காலாவதியான ஒரு காகித லோடுக்கு வாங்கிய அபராதத்தை தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் அதை உறுதி செய்து, துறை தர வேண்டிய செலவுத் தொகையையும் கூட்டியது. லாரியை மடக்கியது 2020 ஜனவரியில். இரண்டு ஆண்டு வழக்காட எந்தச் சிறு பட்டறையால் முடியும்? இறக்கி ஏற்றினாலே உடையும் சரக்கு. வாடகையும் ஏறிக்கொண்டே போகும். கட்டிவிட்டு வண்டியை எடுப்பதைத்தான் எவரும் செய்வார்கள்.

மற்றக் கேள்விகள்:

மார்ச் 31 தேதியிட்ட இன்வாய்ஸுக்கு ஏப்ரலில் பில் போடலாமா? போடலாம், இன்வாய்ஸ் 180 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

லாரி வாடகைக்கு 5 சதவீதமா, 18 சதவீதமா? உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்காத நிறுவனம் 5, எடுப்பது 18.

கடலூரிலிருந்து புதுச்சேரி வழியாகச் சென்னைக்குப் போனால்? பில் வேண்டும்.

மாநிலத்துக்குள் எந்த மதிப்புக்கு மேல்? தமிழ்நாட்டில் ஒரு லட்சம், வெளிமாநிலத்துக்கு 50,000.

லாரி எண்ணில் ஓரெழுத்து தவறினால்? 2018 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி சிறு பிழை; அபராதம் 1,000 ரூபாய்தான்.

அபராதம் கட்டிய பிறகு மேல்முறையீடு செய்யலாமா? செய்யலாம்; கட்டியதோடு வழக்கு முடியாது, காரணம் காட்டி அதிகாரி உத்தரவு எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபாஸ்டேக் பதிவையும், வண்டி வழியில் பழுதாகியிருந்தால் மெக்கானிக் ரசீதையும் அதோடு சேர்த்து வையுங்கள்.