உங்களுக்குத் தெரியுமா? மூளை மடிவது எப்படி
மலேசியாவின் சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக் குன்றுகளின் பள்ளங்கள் மழைநீர் அரித்தவை. மூளையின் பள்ளங்களை எதுவும் அரிக்கவில்லை. மண்டையோடு நெருக்கியும் அவை வரவில்லை. சுமார் 20 வாரம் வரை கருவின் மூளை பெரும்பாலும் வழவழப்புதான். பிறகு, பெரியவர்களிலும் 2 முதல் 4 மி.மீ. தடிமனே உள்ள புறணி எனும் மேலடுக்கு, உட்பகுதியைவிட வேகமாக விரிந்து, அழுத்தம் தாங்காமல் மடிகிறது.

இதை மேசை மேலேயே செய்து காட்டிய குழுவில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்த ஹார்வர்டு பேராசிரியர் எல். மகாதேவன். 22 வாரக் கருவின் ஸ்கேனை வைத்து ஜெல்லில் மூளை வார்த்து, கரைப்பானில் அமிழ்த்தினார்கள். அதன் மேல் பூசியிருந்த மெல்லிய ஜெல் அடுக்கு மட்டும் உப்பியது. சில நிமிடங்களில் மடிப்புகள், அதுவும் அசல் மூளையின் சாயலில்! 2016இல் ‘நேச்சர் ஃபிசிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது. ஜெல்லில் மரபணு ஏது? அதை மடித்தது வெறும் அழுத்தமே.