புற்றுநோயாளர் வீடு திரும்பிய பிறகு பொறுப்பு யாருடையது?

"இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்." புற்றுநோய் முற்றிய ஒருவரின் குடும்பத்துக்கு இதைவிடக் கொடிய வார்த்தை இல்லை. ஆனால் இதில் பாதிதான் உண்மை. நோயைச் சுகமாக்க வழியில்லாமல் போகலாம். நோவைக் குறைக்கவும், புண்ணைச் சுத்தமாக வைத்திருக்கவும், நோயாளி நித்திரை கொள்ளவும், பயம் தெளியவும் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. இதையே தணிப்புப் பராமரிப்பு என்கிறோம். இது கடைசி நாட்களுக்கு மட்டும் உரியதல்ல. நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்தே மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துத் தொடங்க வேண்டியது.

தொடர்பு எங்கே அறுகிறது?

ஈச்சிலம்பற்றில் ஒரு கமக்காரருக்கு வாயில் ஆறாத புண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெற்றிலையோடு புகையிலை போடுவோருக்கு வரக்கூடிய நோய்தான் இது. அவர் முதலில் உள்ளூர் வைத்தியசாலைக்குப் போகிறார். பிறகு மூதூர், திருகோணமலை, அதற்கப்பால் மட்டக்களப்பு அல்லது மகரகம. ஒவ்வோர் இடத்திலும் வேறு வைத்தியர், வேறு மருந்துத் துண்டு, வேறு திகதி. முன்பு திருகோணமலைக்குப் போகப் பாதையில் ஆறு கடக்க வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் பயணம் இலகுவானது. ஆனால் ஓரிடத்தில் சொன்னது மற்ற இடத்துக்குத் தெரியாமல் போகும் குறையைப் பாலம் தீர்க்காது.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. 2006இல் மாவிலாற்றுப் பக்கம் சண்டை மூண்டபோது ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலாறு கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனார்கள். உடுத்த உடையோடு ஓடுகிறவர் கிளினிக் கொப்பியை எடுப்பாரா? கொப்பி போனால், புதிய இடத்து வைத்தியருக்கு என்ன சிகிச்சை நடந்தது, எந்த மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது தெரியாது. நோயாளி மறுபடி முதற்படியில் நிற்கிறார். நோவோ காத்திருப்பதில்லை.

வட்டவிதானை போல ஒருவர்

எமது வயல்களில் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது? குளத்தில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. வாய்க்கால் கடையிலுள்ள வயலுக்கும் அது போய்ச் சேருகிறதா என்று பார்க்க ஒரு வட்டவிதானை வேண்டும். நோயாளியின் நிலையும் அப்படித்தான். வைத்தியர், தாதி, மருந்து எல்லாம் இருந்தும், அவை அந்தப் பாய்வரை வந்து சேரப் பொறுப்பான ஒருவர் இல்லாவிட்டால் பயனில்லை. அவர் மகளாகவோ அயலவராகவோ இருக்கலாம். படிப்பைவிடப் பொறுப்பே முக்கியம்.

அவர் செய்ய வேண்டியவை:

1. நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, பரிசோதனை முடிவுகள், மருந்துத் துண்டுகள் அனைத்தையும் தண்ணீர் புகாத ஒரே பையில் வைத்தல். பிரதி எடுத்து உறவினர் வீட்டில் ஒன்று வைத்தல். வெள்ளம் வந்தாலும் அடையாள அட்டையோடு இந்தப் பையும் கூடவே போக வேண்டும்.

2. ஒரு கொப்பியில் தினமும் நோவு எங்கே, எவ்வளவு, எந்த நேரம் மருந்து கொடுத்தது, மலம் போனதா, சாப்பிட்டாரா என்று எழுதுதல்.

3. நோயாளி வீடு திரும்புமுன், "மருந்து முடிந்தால் கிட்டவுள்ள எந்த வைத்தியசாலையில் எடுக்கலாம்?" என்று கேட்டு, அந்த வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குதல்.

4. முதுகு நோவோடு கால்கள் சோர்ந்தாலோ, சலம் போகாமல் நின்றாலோ, இரத்தம் பெருகினாலோ, மூச்சு முட்டினாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல்.

நோவு மருந்து பற்றிய பயம்

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் நோவுக்குப் படிமுறை ஒன்றை வெளியிட்டது. சிறிய நோவுக்குச் சாதாரண மருந்து. அது போதாவிட்டால் அடுத்த படி. கடும் நோவுக்கு மோர்பின். மருந்தை இயன்றவரை வாயால் கொடுக்க வேண்டும். நோவு வந்த பிறகல்ல, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். தண்ணீர் வற்றி வெடித்த வயலுக்குப் பாய்ச்சுவதைவிட, ஈரம் காயுமுன் பாய்ச்சுவது எளிதல்லவா?

மோர்பின் என்றதும் "பழக்கமாகிவிடும்", "இது சாகப்போகிறவருக்குக் கொடுப்பது" என்று பயப்படுகிறோம். வைத்தியர் சொன்ன அளவில் புற்றுநோய் நோவுக்குக் கொடுக்கும்போது அடிமையாதல் அரிது. அது மரணத்தை அழைப்பதுமில்லை. ஆனால் மலச்சிக்கல் அநேகமாக எல்லாருக்கும் வரும். ஆகவே மலம் இளக்கும் மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். முதற்சில நாட்கள் ஓங்காளமும் தூக்கமும் இருக்கலாம். அளவை நீங்களாகக் கூட்டவோ, திடீரென நிறுத்தவோ வேண்டாம். பூட்டிய பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

கேரளம் காட்டிய வழி

1993இல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகியோரும் நண்பர்களும் நோவு தணிப்புச் சங்கம் ஒன்றை அமைத்தனர். வைத்தியசாலைக்கு வர முடியாதவர்களின் துன்பம் வீட்டிலேயே கிடப்பதைக் கண்டபோது, அயலவர்களையே பயிற்றுவிக்கும் முறை பிறந்தது. மலப்புறம் மாவட்டத்தில் அது வேரூன்றியது. கமக்காரரும் ஆசிரியரும் கடைக்காரரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி நோயாளரின் வீடுகளுக்குப் போனார்கள். தாதியும் வைத்தியரும் அவர்களுக்குப் பின்பலமாக நின்றார்கள். 2008இல் கேரள அரசு இதைத் தனது கொள்கையாக்கியது. இலங்கையிலும் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2019–2023 காலத்துக்கெனத் தணிப்புப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. அரசாங்கத்தின் திட்டம் வீட்டு வாசலுக்கு வருவதற்கு, வாசலில் ஆட்கள் வேண்டும்.

நாம் எங்கே தொடங்கலாம்?

கமக்காரர் சங்கமோ மாதர் சங்கமோ கூடும்போது, "எமது ஊரில் படுக்கையில் இருப்பவர் யார்? அவரைப் பார்ப்பவர் யார்?" என்ற இரு கேள்விகளைக் கேட்போம். பராமரிப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். அறுவடைக் காலத்தில் அவர் வயலுக்கும் போக வேண்டும், இரவில் விழித்திருக்கவும் வேண்டும். அயலவர் முறைவைத்து ஓர் இரவு இருந்தால் அவர் நித்திரை கொள்வார். ஒருவர் கிளினிக் நாளில் கூடப் போகலாம். ஒருவர் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கலாம்.

ஓடி ஓடிக் களைத்த மக்கள் நாம். எத்தனையோ பேரை வழியில் விட்டுவிட்டு வந்தோம் என்ற துயரம் எமக்கு உண்டு. இனி ஊரில் படுத்திருக்கும் ஒருவரும் நோவோடு தனியே கிடக்கவில்லை என்று சொல்ல எம்மால் முடியும். இந்தப் பெரும்போகத்துக்கு முன் உங்கள் ஊரில் ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள்.