பழைய பிக்-அப் என்ஜினை நம்பலாமா?

பத்தாங் காலி, உலு யாம் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் 20 வயதைத் தாண்டிய பிக்-அப் வண்டிகள் இன்றும் குலை ஏற்றி ஓடுகின்றன. வெட்டிய குலை ஏறத்தாழ 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயின் தரம் குறையும், வருமானமும் குறையும். ஆகவே, பழைய என்ஜினை இன்னும் எத்தனை ஆண்டு நம்பலாம் என்பது சிறுதோட்டக்காரர்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி. வண்டியின் வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

உழைப்பின் இரகசியம்

டொயோட்டா ஹைலக்ஸில் வந்த 2எல், 3எல், 5எல் ரகங்களும், மிட்சுபிஷியின் பழைய 4டி56 ரகமும் எளிமையான டீசல் என்ஜின்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கணினிக் கட்டுப்பாடு கிடையாது. பம்பே டீசலை அளந்து அனுப்புகிறது. 2,446 சிசி கொண்ட 2எல் தருவது சுமார் 80 குதிரைத்திறன்தான். வேகம் குறைவு என்றாலும் உறுப்புகள் மீதான அழுத்தமும் குறைவு. புதிய காமன் ரெயில் என்ஜின்களில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. அங்கே சிறிதளவு நீரோ தூசியோ கலந்தாலும் இன்ஜெக்டர் பழுதாகிவிடும்.

எதிரிகள் எவை?

முதல் எதிரி சூடு. கெந்திங் மலைச்சாலை போன்ற ஏற்றங்களில் சுமையோடு, குறைந்த கியரில் ஏறும்போது ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. கூலண்டுக்குப் பதிலாக வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தால் உள்ளே துருப்பிடித்து வழி அடைபடும். சூடு எல்லை மீறினால் சிலிண்டர் ஹெட் வளையும் அல்லது விரிசல் விடும்.

இரண்டாவது, டைமிங் பெல்ட். பொதுவாக 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி என்ஜினையே பாழாக்கிவிடும்.

மூன்றாவது, செம்மண் தூசி. அடைபட்ட காற்று வடிகட்டியால் கரும்புகை வரும், டீசலும் வீணாகும். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்ததை நினைத்தால் அந்தப் புகையின் விலை புரியும்.

செம்பனை டீசல் கெடுக்குமா?

2019-இல் போக்குவரத்துத் துறைக்கு பி10 அறிமுகமானது. அதாவது, டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருள். பழைய பம்புக்கு டீசலே மசகு என்பதால், வழுவழுப்பு மிகுந்த இந்தக் கலவை அதற்கு நன்மையே செய்கிறது. ஆனால் இது தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். டீசல் வடிகட்டியை உரிய நேரத்தில் மாற்றி, அதில் தேங்கும் நீரை வடித்துவிட்டால் போதும். பழைய இரப்பர் குழாய்கள் மிருதுவாகிக் கசிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

வாங்குமுன் பாருங்கள்

மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கிப் பாருங்கள். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற பிசுக்கு இருந்தால் நீர் கலந்திருக்கலாம். மூடியைத் திறந்ததும் ஆவி பலமாக வெளியேறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம்.

பழுது பெரிதானால் ஓவர்ஹாலா, ஹாஃப்-கட் கடையில் வேறு என்ஜினா என இரண்டு பட்டறைகளிலாவது விலை கேளுங்கள். வரலாறு தெரியாத ஹாஃப்-கட் என்ஜினைப் பொருத்துமுன் டைமிங் பெல்ட்டையும் நீர்ப் பம்பையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. என்ஜின் வெளியே இருக்கும்போது அந்த வேலைக்குக் கூலி குறைவு.