மடியில் ஒரு கணப்பு

கோடை வந்தால் லேப்டாப்புக்கும் காய்ச்சல். எத்தனை டிகிரி என்று பார்ப்பது சுலபம், தணிப்பதும்தான்.

மே மாத டெல்லியில் வெயில் 45 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ராஜஸ்தானின் பலோடியில் 2016இல் 51 டிகிரி பதிவானது. ஆனால் லேப்டாப்போடு வரும் கையேட்டைப் புரட்டுங்கள்: பல மாடல்களுக்கு 35 டிகிரி வரையிலான அறைதான் ஏற்றது என்றிருக்கும். ஏ.சி. இல்லாத அறையில் வட இந்தியக் கோடையில் லேப்டாப்பைத் திறப்பவர், எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்றுதான் வேலையையே தொடங்குகிறார்.

விளைவு பலருக்கும் பழக்கமானது. ஃபேன் இரைகிறது. கீபோர்டு சுடுகிறது. திரையில் எல்லாம் ஆமை வேகத்தில் நகர்கிறது. கடைசியில் திடீரென்று அணைந்துவிடுகிறது. சேமிக்காத வேலை அத்தனையும் போச்சு. பழி வைரஸ் மீது விழுகிறது. குற்றவாளி பெரும்பாலும் வெப்பம்தான்.

அணைந்துபோவது உண்மையில் தற்காப்பு. பிராசசருக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. பல இன்டெல் சிப்களுக்கு உச்சவரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறிக்கொண்டே போனால், கருகிவிடாமல் இருக்க மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

அந்த சென்சார்கள் சொல்வதை நாமும் படிக்கலாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கிராபிக்ஸ் சிப்பின் வெப்பத்தை மட்டுமே காட்டும். பிராசசருக்கு கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸை நிறுவி, 'சென்சார்ஸ்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்தால் போதும். இருமுறை பாருங்கள்: லேப்டாப் சும்மா இருக்கும்போது ஒருமுறை, அரை மணி நேரக் கடும் வேலைக்குப் பின் ஒருமுறை. சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி என்றால் கவலையில்லை. வேலையின்போது 80ஐத் தாண்டுவதும் மெல்லிய லேப்டாப்களில் சகஜம். 95க்கு மேலேயே நின்றாலோ, சும்மா இருக்கும்போதே 70 காட்டினாலோ கவனிக்க வேண்டும்.

முதல் வைத்தியத்துக்குக் காசு வேண்டாம். மெத்தையிலிருந்து லேப்டாப்பை இறக்குங்கள். காற்று புகும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. பின்பக்கத்துக்கு ஒரு புத்தகத்தை முட்டுக்கொடுத்தால் காற்றோட்டம் கூடும். அடுத்தது தூசி. அணைத்துவிட்டு, அழுத்தப்பட்ட காற்றால் துளைகளை ஊதலாம். ஃபேன் கட்டுக்கடங்காமல் சுழலாதபடி தடுத்துப் பிடிப்பது அவசியம். மூன்றாவது, சிப்புக்கும் வெப்பத்தைக் கடத்தும் உலோகத்துக்கும் இடையிலுள்ள பசை. சில ஆண்டுகளில் அது காய்ந்துபோகலாம். புதுப்பசை போடுவது பழகிய மெக்கானிக்கின் வேலை. கடைக்குப் போகுமுன் டிகிரியைக் குறித்துக்கொண்டு, திரும்பி வந்ததும் ஒப்பிடுங்கள். கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா என்பதற்கு அதைவிட நல்ல ரசீது கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்விக்கும் விபரீதம் மட்டும் வேண்டாம். உள்ளே ஈரம் படியும்.

தப்பிக்க வழியில்லாமல் சூட்டை வாங்கிக்கொள்வது பேட்டரி. வெப்பத்தில் அதன் ஆயுள் குறைகிறது. இழந்த திறன் திரும்பாது. டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பக்கம் புடைத்தாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். உடனே சார்ஜை நிறுத்துங்கள். குத்துவது, அழுத்துவது தீயில் முடியலாம்.

சூடு மனிதரையும் விடுவதில்லை. தினமும் பல மணி நேரம் லேப்டாப்பைத் தொடையில் வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவனின் தோல் வலைபோல் நிறம் மாறியதை சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010இல் எழுதினார்கள். காஷ்மீர் மருத்துவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. குளிர்காலத்தில் பெரனுக்குள் கரி நெருப்புள்ள காங்கிரியை வைத்துக் குளிர்காய்பவர்களிடம் இதே தழும்பை அவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள்.

தமிழில் மடிக்கணினி என்று பெயர் வைத்தாயிற்று. வைக்க வேண்டிய இடம் என்னவோ மேஜைதான்.