வெயிலும் மின்னேற்றமும்: மின்சாரக் காரைப் பேணும் முறை

பெட்ரோல் காரின் பராமரிப்பு பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியே அமைந்தது. எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச், புகைக்குழாய் என்று தேய்வனவும் அடைபடுவனவுமான உறுப்புகளைக் குறித்த காலத்தில் மாற்றுவதே அதன் சாரம். மின்சாரக் காரில் இவற்றில் ஒன்றும் இல்லை; மோட்டாரில் சுழலும் பாகங்கள் மிகச் சில, அதன் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும் பற்சக்கரப் பெட்டியிலும் பெரும்பாலும் ஒரே கியர்தான். இதை வைத்தே மின்சாரக் காருக்குப் பராமரிப்பே வேண்டாம் என்ற பேச்சு பரவியிருக்கிறது. அதில் பாதி உண்மை. பணிமனையில் செய்ய வேண்டிய வேலை குறைந்துவிட்டது. ஆனால் கார் எங்கே நிறுத்தப்படுகிறது, எந்த அளவுவரை மின்னேற்றப்படுகிறது, எத்தகைய மின்னிணைப்பில் மாட்டப்படுகிறது என்ற உரிமையாளரின் அன்றாடப் பழக்கங்களே இப்போது காரின் ஆயுளைப் பெருமளவு தீர்மானிக்கின்றன.

காரின் உறுப்புகளில் விலை மிகுந்தது பேட்டரி. பேட்டரி என்று பேச்சில் ஒன்றாகச் சொல்லப்பட்டாலும் அது பல லித்தியம் அயனி மின்கலங்களை இணைத்து ஒரே பெட்டியில் அடைத்த தொகுப்பாகும். அதன் கொள்ளளவு கிலோவாட் மணி என்ற அளவில் குறிக்கப்படுகிறது. வீட்டு மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட் என்பதும் இதே ஒரு கிலோவாட் மணிதான். இந்த மின்கலங்கள் இரு வழிகளில் மூப்படைகின்றன. மின்னேற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு திறன் குறைவது ஒன்று. ஓட்டாமல் நிறுத்தியிருந்தாலும் காலம் செல்லச் செல்ல உள்ளே நிகழும் வேதிவினைகளால் திறன் குறைவது மற்றொன்று. மின்கலத்தின் எதிர்முனைப் பரப்பில் படியும் மெல்லிய படலம் தடிக்கும்தோறும், பயன்பட வேண்டிய லித்தியம் அதில் சிக்கி வீணாகிறது. வெப்பம் கூடினால் இவ்வினை விரைவடைகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் வேதிவினையின் வேகம் தோராயமாக இரு மடங்காகும் என்ற பொதுவிதி இங்கும் ஏறத்தாழப் பொருந்துகிறது. முழு மின்னேற்றமும் கடும் வெப்பமும் ஒருங்கே சேர்வதே பேட்டரிக்கு மிகுந்த கேடு செய்யும் நிலையாகும்.

இதை உலகம் தெளிவாகக் கண்ட இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரில் 192 மின்கலங்களைக் கொண்ட 24 கிலோவாட் மணிப் பேட்டரி இருந்தது. அதைக் குளிர்விக்கத் திரவ ஓட்டமோ விசிறியோ கிடையாது. பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் அக்காரை வாங்கியவர்கள், ஒரே கோடைக்குப் பின் கொள்ளளவுக் கோடுகள் மறைவதாக 2012இல் முறையிடத் தொடங்கினர். காரின் முகப்பில் கொள்ளளவைக் காட்டும் கோடுகள் 12. முதல் கோடு மறையும்போதே சுமார் 15 விழுக்காடு திறன் போயிருக்கும் என்பதால் அது சிறு குறை அன்று. நிறுவனம் பின்னர் கொள்ளளவு இழப்புக்கும் உத்தரவாதம் அளித்ததோடு, வெப்பத்தை மேலும் தாங்கும் மின்கலங்களுக்கும் மாறியது. 2010களின் நடுவில் பழைய லீஃப் கார்கள் ஜப்பானிலிருந்து இலங்கைக்குப் பெருமளவில் இறக்குமதியானபோது, ஓடிய தூரத்தைவிட எஞ்சிய கோடுகளே பார்க்க வேண்டியவையாக இருந்தன. பழைய மின்சாரக் கார் வாங்குவோருக்கு இன்றும் அதுவே பொருந்தும். பேட்டரி புதிதாயிருந்தபோது கொண்ட கொள்ளளவில் இப்போது எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை விழுக்காட்டில் கூறும் உடல்நிலை அறிக்கையைப் பணிமனையிலிருந்து கேட்டுப் பெறாமல் விலை பேசலாகாது.

இன்று இந்தியாவில் விற்கப்படும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கின்றன. எனினும் கத்திரி வெயிலில் கூரையில்லா இடத்தில் நாள் முழுதும் நிற்கும் காரில், நிறுத்திய நிலையில் அந்த அமைப்பு எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே நிழலில் நிறுத்துவது இங்கே வசதிக்குரியது மட்டுமன்று, பராமரிப்பின் ஒரு பகுதி. நெடுஞ்சாலையில் ஓடி வந்த காரை உடனே மின்னேற்றாமல் சற்று ஆறவிடுவதும், இயலுமாயின் மின்னேற்றத்தை இரவின் குளிர்ந்த நேரத்துக்குத் தள்ளுவதும் செலவில்லாத காப்புகளாகும்.

எந்த அளவுவரை மின்னேற்ற வேண்டும் என்பதற்கு ஒரே விடை இல்லை. அது மின்கலத்தின் வேதியியலைப் பொறுத்தது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை நிறைந்த நிலையில் நெடுநேரம் இருப்பதை விரும்பாது. அத்தகைய காரை அன்றாடம் 80 விழுக்காட்டோடு நிறுத்தி, நெடும்பயணத்தின் முன்னிரவில் மட்டும் நிறைப்பது நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற மற்றொரு வகை, பிஒய்டி நிறுவனத்தின் பிளேடு பேட்டரியில் உள்ளது போல்வது, வெப்பத்தையும் நிறைவையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வேறொரு சிக்கல் உண்டு. மின்னேற்றம் குறையக் குறைய அதன் மின்னழுத்தம் பெரிதாக மாறுவதில்லை; அதனால் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் கணக்கிடும் பேட்டரி மேலாண்மைக் கணினி நாளடைவில் தடுமாறி, 20 விழுக்காடு என்று காட்டியபடியே வண்டியை நிறுத்திவிடவும் கூடும். இவ்வகைப் பேட்டரியை வாரம் ஒருமுறையேனும் முழுதாக மின்னேற்றுமாறு சில நிறுவனங்கள் அறிவுறுத்துவதன் காரணம் இதுவே; அப்போது கணக்கு நேராவதோடு, மின்கலங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வும் சமன்செய்யப்படுகிறது. தன் காரில் இருப்பது எவ்வகை என்று அறியாமல் அண்டைவீட்டார் சொல்லும் விதியைப் பின்பற்றுவது பயன் தராது. எந்த வகையாயினும் பேட்டரியை முற்றிலும் வற்றவிடுவது தவறு. சில வாரங்கள் ஊரில் இல்லாதபோது பாதியளவில் நிறுத்திச் செல்வது பொருத்தம்.

விரைவு மின்னேற்றத்தைப் பற்றிய அச்சம் சற்று மிகையானது. நெடுஞ்சாலை நிலையங்களில் நேர்மின்னோட்டம் நேரடியாகப் பேட்டரிக்குள் பாய்வதால் வெப்பம் எழுவது உண்மை. ஆயினும் மேலாண்மைக் கணினி வெப்பத்தை அளந்து மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 80 விழுக்காட்டுக்கு மேல், மின்கலங்களின் மின்னழுத்தம் உச்ச வரம்பை நெருங்குவதால், வேகம் வெகுவாகத் தளர்கிறது. அங்கே காத்திருந்து நிறைப்பது நேரவிரயம், வரிசையில் நிற்பவருக்கும் இடையூறு. பயணங்களில் இதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. வீட்டில் வசதி இருந்தும் அதையே அன்றாட வழக்கமாக்குவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

வீட்டு மின்னிணைப்பே பலரும் கவனிக்கத் தவறும் இடம். 15 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டப்படும் இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே அணைந்து மறுபடி எரியும். காரோ பல மணி நேரம் இடைவிடாது ஏறத்தாழ முழு மின்னோட்டத்தையும் இழுக்கிறது. தளர்ந்த சாக்கெட்டும் பழைய மெல்லிய கம்பியும் இதைத் தாங்காமல் உருகும். மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்றே தடித்த செம்புக் கம்பியில் தனி இணைப்பு இழுத்து, மின்சுமை மிகுந்தால் துண்டிக்கும் உரிய எம்சிபியும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியும் பொருத்துவது இன்றியமையாதது. நீட்டிப்புப் பெட்டிக்கு இங்கே இடமே இல்லை. எர்த்திங் சரியில்லாத வீட்டில் பல சார்ஜர்கள் இயங்க மறுக்கும். அப்போது சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து சார்ஜரை ஏமாற்றும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால் காரின் உடல் முழுவதும் மின்சாரம் பாயக்கூடிய ஏற்பாடு அது. புதிதாக எர்த் குழி தோண்டும் செலவு அதற்கு முன் ஒரு பொருட்டே அன்று.

பெரிய பேட்டரியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பவர்களும் சிறியதை மறந்துவிடுகின்றனர். மின்சாரக் காரிலும் வழக்கமான 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கதவுப் பூட்டு, திரை, கணினிகள் ஆகியவற்றோடு, பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் மின்விசைத் தொடுப்பான்களையும் அதுவே இயக்குகிறது. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் அசையாது. பெட்ரோல் காரில் ஸ்டார்ட்டர் முனகுவதைக் கேட்டு முன்கூட்டியே அறியலாம். இங்கே அத்தகைய அறிகுறி இல்லை. ஆண்டுதோறும் சோதித்து, சில ஆண்டுகளில் மாற்றிவிடுவதே வழி.

ஏசி பழுதையும் மின்சாரக் காரில் வெறும் சொகுசுக் குறையாகக் கருத முடியாது. பல கார்களில் பேட்டரியைச் சுற்றி ஓடும் திரவத்தைக் குளிர்விப்பதும் அதே ஏசி அமைப்புத்தான். கேஸ் கசிந்தால் பயணி வியர்ப்பதோடு பேட்டரியும் சூடேறும். அதன் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால் மின்சாரத்தைக் கடத்தாத தனிவகை எண்ணெய் அதற்குள் இருக்கிறது. சாதாரணக் காருக்குரிய எண்ணெய் கலந்தால் மின்காப்பு குன்றிக் கார் பிழை காட்டி நின்றுவிடும். எனவே தெருமுனைக் கடையில் கேஸ் நிரப்புவது இங்கே சிக்கனம் ஆகாது. கூலன்ட் திரவத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கையேடு குறிப்பிடும் வகையன்றிக் குழாய்த் தண்ணீரை ஊற்றலாகாது. ஆரஞ்சு நிறக் கம்பிகள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தாங்குபவை என்பதால் பயிற்சி பெற்றவரன்றி எவரும் அவற்றைத் தொடலாகாது.

பிரேக் தேய்வதில்லை என்பதே அதன் நோய். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி இயக்க ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்புவதால், டிஸ்க்கும் பேடும் அரிதாகவே உரசுகின்றன. கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் டிஸ்க் துருவேறிக் காலிப்பரின் ஊசிகள் இறுகிவிடும். அவ்வப்போது பிரேக்கை நன்றாக அழுத்தி ஓட்டுவதும், ஈரத்தை உறிஞ்சும் இயல்புடைய பிரேக் ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றுவதும் வேண்டும். டயரின் நிலை இதற்கு மாறானது: பேட்டரியின் எடையும், மிதித்தவுடன் முழு விசையும் கிளம்பும் மோட்டாரும் சேர்ந்து அதை விரைவில் தேய்க்கின்றன. காற்றழுத்தம் குறைந்தால் ஓடும் தூரமும் குறையும்.

பேட்டரி காரின் அடித்தளத்தில் இருப்பதால் அளவுக்கு மீறி எழுப்பப்பட்ட நம் ஊர் வேகத்தடைகளைப் புறக்கணிக்க முடியாது. அடியில் பலமாக இடித்தால், கார் ஓடினாலும், தூக்கி நிறுத்திப் பெட்டியின் உறையைப் பார்த்துவிட வேண்டும்.

மழைக்காலம் தனியே சொல்லத்தக்கது. பல பேட்டரிப் பெட்டிகளுக்குரிய ஐபி67 என்ற தரம், ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதை மட்டுமே குறிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்கள் மூழ்கிக் கிடந்த நேரம் அதனினும் மிக நீண்டது. உப்புநீர் இன்னும் கொடியது. 2022இல் இயன் சூறாவளிக்குப் பின் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, நீர் வடிந்து நாட்கள் கடந்தபின் தீப்பற்றின. ஆகவே மூழ்கிய காரை இயக்கிப் பார்ப்பதோ சார்ஜரில் மாட்டுவதோ கூடாது. வீட்டிலிருந்தும் பிற வண்டிகளிலிருந்தும் சுமார் 15 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் உருண்டாலே உள்ளே மின்சாரம் பிறக்கும் என்பதால், கயிறு கட்டி இழுக்காமல் நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி தட்டையான லாரியில் ஏற்றியே பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.